இருபது நாளில் படகு திரும்பாது

தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, இரவிபுத்தன்துறை. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் ஒன்றை ஒன்று ஒட்டிக் கிடக்கும் இந்தக் கடற்கரை ஊர்களின் ஆண்கள் ஆழ்கடலில் தங்கி மீன்பிடிப்பவர்கள். சுறாவுக்கும் சூரைக்கும் போகும் படகு கொச்சியிலிருந்தோ தேங்காய்ப்பட்டணத்திலிருந்தோ கிளம்பினால், முப்பது நாள், சில சமயம் நாற்பது நாள் கழித்துத்தான் கரை காணும். குழித்துறை நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். இந்த ஊர்க்காரர்களின் வழக்குகள் பல என் மேசைக்கு வரும். அவர்களுடைய கடல் நாட்களின் கணக்குக்கும் டெல்லியில் எழுதப்படும் ஒரு சட்ட வரைவுக்கும் என்ன தொடர்பு என்பதை 2020இல் ஒரு மீனவர்தான் எனக்கு எடுத்துச் சொன்னார்.

அந்த வருடம் மார்ச்சில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ‘சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு 2020’ என்ற வரைவு அறிவிக்கையை வெளியிட்டது. துறைமுகமோ சுரங்கமோ தொழிற்சாலையோ வருவதற்கு முன்னால், அதனால் நிலமும் நீரும் ஊரும் என்ன ஆகும் என்று ஆராய வேண்டும். பெரும்பாலான பெரிய திட்டங்களுக்கு ஊர் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். அதற்குப் பிறகே அனுமதி. 2006 முதல் நடப்பில் இருக்கும் இந்த நடைமுறையை மாற்றி எழுத வந்தது அந்த வரைவு. மாற்றங்கள் பல. கருத்துக் கேட்புக்காக மக்களுக்குத் தரப்படும் குறைந்தபட்ச அவகாசம் 30 நாளிலிருந்து 20 நாளாக ஆகும். அனுமதி பெற்ற நிறுவனம் நிபந்தனைகளைக் கடைப்பிடிக்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரும் அறிக்கையை இனி வருடத்துக்கு ஒருமுறை தந்தால் போதும். அனுமதி வாங்காமலே வேலையைத் தொடங்கிவிட்ட திட்டங்களும் பிறகு அனுமதி கேட்கலாம்.

எண்பது பக்கத்துக்கு மேல் நீளும் அந்த வரைவு இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் வந்தது. வந்த நேரமோ பொதுமுடக்கம். அரசிதழைப் பார்க்க நூலகம் இல்லை, கூடிப் பேசக் கோயில் வளாகமும் இல்லை. எங்கள் பகுதியில், ஈரானுக்கு மீன்பிடி வேலைக்குப் போய் அங்கே சிக்கிக்கொண்ட பிள்ளைகள் எப்போது வருவார்கள் என்று வீட்டுக்கு வீடு கவலை. அந்த நிலையில் நாங்கள் சிலர் வரைவைப் பகுதி பகுதியாகத் தமிழில் வாசித்து, வாட்ஸ்அப் குரல் பதிவுகளாக ஊர்களுக்கு அனுப்பினோம். கேட்டவர்கள் குரல் பதிவிலேயே பதில் அனுப்பினார்கள். அவற்றை எழுத்தாக்கி, பிரிவு எண்ணோடு சேர்த்து அமைச்சகத்துக்கு அனுப்புவது எங்கள் வேலை.

இருபது நாள் என்ற பிரிவைக் கேட்டுவிட்டு வள்ளவிளைப் பெரியவர் ஒருவர் அனுப்பிய பதில் இது: “மக்களே, இருபது நாளில படகு திரும்பாது. நோட்டீஸ் ஒட்டுற அன்னைக்குப் போனவன் திரும்பி வரும்போது கூட்டம் முடிஞ்சிருக்கும். முப்பது நாளே எங்களுக்குப் பத்தாது. கடல்ல கெடக்குறவனுக்குப் புயல் வருதுன்னே சொல்ல முடியாமப் போன ஊரு இது.” 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலைத்தான் அவர் சொன்னார். எச்சரிக்கை கிடைக்காமல் ஆழ்கடலில் மாண்டவர்களின் படங்கள் இன்றும் அந்த ஊர் வீடுகளில் மாலையோடு தொங்குகின்றன.

மீன் விற்கும் ஓர் அக்கா வேறொரு பிரிவைப் பிடித்துக்கொண்டார். “வக்கீலம்மா, வருசத்துக்கு ஒரு அறிக்கைன்னா எந்த மாசத்துல பார்ப்பாவ? ஆனி ஆடியில கடல் ஒரு பக்கத்து மண்ணை அள்ளும். ஐப்பசிக்கு மேல அதே மண்ணை வேற பக்கம் கொண்டு போடும். தூண்டில் வளைவு போட்ட எடத்துல போயி பாருங்க. வருசத்துல ஒருக்கா பார்த்தா பாதிதான் தெரியும்.” கடல் அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போடும் கல் தடுப்பைத்தான் தூண்டில் வளைவு என்கிறோம்.

இந்த இரண்டு பதில்களையும் நான் பலமுறை திரும்பக் கேட்டிருக்கிறேன். சட்டம் படித்த நானோ வரைவை எழுதிய அதிகாரியோ அறையில் உட்கார்ந்து யோசித்து அடையக்கூடியவை அல்ல இவை. ஆறு மாதத்துக்கு ஓர் அறிக்கை என்ற பழைய விதி, எங்கள் கடலின் இரண்டு பருவங்களோடு எப்படியோ பொருந்தி நின்றது. அதை மாற்றினால் என்ன விட்டுப்போகும் என்பதைக் கரையில் நிற்கும் பெண் பார்த்துச் சொன்னார். ஒரு வரைவைப் பல்லாயிரம் பேர் முன்னால் வைத்து, அவரவர் அறிந்ததைத் திரட்டிச் சட்டத்தைச் செப்பம் செய்யும் முறையை உலகெங்கும் கிரவுட்சோர்சிங் என்கிறார்கள். இது ஏன் வேண்டும் என்று என்னிடம் யாராவது கேட்டால் இந்த இரண்டு குரல் பதிவுகளைத்தான் போட்டுக் காட்டுவேன்.

நம் நாட்டில் இதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? இருக்கிறது. எவ்வளவு இருக்கிறது என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாடாளுமன்றமோ சட்டமன்றமோ நிறைவேற்றுவது சட்டம். அந்தச் சட்டத்தின் கீழ் அரசு எழுதுவது விதியும் அறிவிக்கையும். அன்றாட வாழ்வை அதிகம் தொடுவது இரண்டாவது வகை. ஒரு சட்டம் ‘முன்கூட்டியே வெளியிட்ட பிறகே விதி செய்ய வேண்டும்’ என்று சொல்லியிருந்தால், வக்கீல்கள் ஜெனரல் கிளாசஸ் ஆக்ட் என்று சொல்லும் 1897ஆம் வருடச் சட்டத்தின் 23ஆவது பிரிவு அங்கே வந்துவிடும். வரைவை வெளியிட வேண்டும், ஒரு தேதி குறிக்க வேண்டும், அதற்குள் வரும் ஆட்சேபங்களையும் யோசனைகளையும் பரிசீலிக்க வேண்டும். வெள்ளைக்காரன் காலத்து விதி, இன்றும் உயிரோடு இருக்கிறது. சுற்றுச்சூழல் விதிகள் 60 நாள் அவகாசம் தருவதும் இதே வழிமுறையில்தான்.

மசோதாக்களுக்கு இப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. 2014 பிப்ரவரியில் மத்திய அரசு ஒரு கொள்கையை வகுத்தது. எந்தத் துறையும் மசோதாவை அமைச்சரவைக்குக் கொண்டுபோகும் முன் அதன் வரைவையோ, குறைந்தபட்சம் அதன் சாரத்தையோ மக்கள் முன் வைக்க வேண்டும். எளிய மொழியில் விளக்க வேண்டும். சூழலுக்கும் அடிப்படை உரிமைக்கும் பிழைப்புக்கும் என்ன பாதிப்பு வரும் என்று சொல்ல வேண்டும். 30 நாளாவது கொடுக்க வேண்டும். வந்த கருத்துகளின் தொகுப்பை இணையத்தில் போட வேண்டும். படித்தால் மனம் நிறையும் ஆவணம் அது. ஆனால் அது கொள்கை மட்டுமே, சட்டம் ஆகவில்லை. ஒரு துறை அதை மதிக்காவிட்டால் நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போய்ப் பெரிதாக எதுவும் பெற்றுவிட முடியாது. மாநில அரசுகளை அது கட்டுப்படுத்தாது.

இத்தனைக்கும் நம் அரசமைப்புச் சட்டமே வரைவாக மக்கள் முன் வைக்கப்பட்டதுதான். 1948 பிப்ரவரியில் வரைவு வெளியானது. நவம்பரில் அரசியல் நிர்ணய சபையின் விவாதத்துக்கு வந்தது. இடைப்பட்ட மாதங்களில் வெளியிலிருந்து வந்த கருத்துகளை அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழு எடுத்துப் பார்த்தது. தாளும் தபாலும் மட்டுமே இருந்த காலம் அது.

2020 வரைவுக்கு வருகிறேன். அவகாசம் ஜூன் 30 வரை நீட்டிக்கப்பட்டது. அந்த ஜூன் 30 அன்றே டெல்லி உயர் நீதிமன்றம் முக்கியமான உத்தரவைப் பிறப்பித்தது: அவகாசம் ஆகஸ்ட் 11 வரை நீள வேண்டும், வரைவை எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் பத்து நாளுக்குள் மொழிபெயர்க்க வேண்டும். அலுவல் மொழிச் சட்டப்படி இந்தியும் ஆங்கிலமும் போதும் என்று வாதிட்டு மத்திய அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. உச்ச நீதிமன்றம் தலையிடவில்லை; பிற மொழிகளுக்கும் இடம் தரும் வகையில் அலுவல் மொழிச் சட்டத்தைத் திருத்துவது பற்றி அரசு யோசிக்கலாம் என்றே சொன்னது. தன் பிழைப்பைத் தொடும் வரைவைத் தன் மொழியில் படிப்பது சலுகை இல்லை, உரிமை என்று அதுவரை நாங்கள் கூட்டங்களில் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தோம். அதற்குப் பக்கபலமாக ஒரு நீதிமன்ற உத்தரவு வந்த நாள் அந்த ஜூன் 30.

அடுத்து வந்த ஜூலையில் நடந்த இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அமைச்சருக்கு மின்னஞ்சல்கள் வந்து குவிகின்றன என்ற புகாரின் பேரில், இளைஞர்களின் ‘ஃப்ரைடேஸ் ஃபார் ஃபியூச்சர்’ அமைப்பின் இந்திய இணையதளத்தை முடக்கச் சொல்லி டெல்லி காவல் துறை அனுப்பிய நோட்டீஸில் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான ஊபா மேற்கோள் காட்டப்பட்டிருந்தது. தவறுதலாகப் போய்விட்டது என்று பிறகு அதைத் திரும்பப் பெற்றார்கள். கருத்துச் சொல்லுங்கள் என்று அரசே அழைத்த ஒரு விஷயத்தில், கருத்து அனுப்பிய பிள்ளைகளுக்கு இது நேர்ந்தது. எங்கள் பகுதியில் குரல் பதிவு அனுப்பிக்கொண்டிருந்த கல்லூரிப் பெண்களின் பெற்றோர் சிலர் பயந்து போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முடிவில் 17 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் போய்ச் சேர்ந்தன. அந்த வரைவு இன்றுவரை இறுதி அறிவிக்கையாக வெளிவரவில்லை. 2006ஆம் வருட அறிவிக்கையே, அவ்வப்போது செய்யப்படும் திருத்தங்களோடு, நடப்பில் இருக்கிறது.

17 லட்சம் என்ற எண்ணைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தோம். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு அதிகாரிகள் ஆளுக்கு ஒரு நாளைக்கு நூறு கடிதம் வீதம் படித்தாலும் 170 வேலை நாள் ஆகும். அதற்குள் வள்ளவிளைப் பெரியவரின் ஒரு பத்தி எந்தக் குவியலின் அடியில் இருக்கும்? 2024இல் வக்ஃப் திருத்த மசோதாவை ஆராய்ந்த நாடாளுமன்றக் கூட்டுக் குழுவுக்கு வந்தவை 97 லட்சத்துக்கும் மேல். எண்ணிக்கை இந்த அளவுக்குப் போகும்போது, படிப்பது நின்று எடை போடுவது தொடங்கிவிடுகிறது. எந்தப் பக்கத்துக் கட்டு பெரியது என்ற கேள்விதான் மிஞ்சுகிறது.

இந்த ஆபத்தை முன்பே முகத்துக்கு நேரே பார்த்தது, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய். 2015 மார்ச்சில், எல்லா இணையச் சேவைகளையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்னும் இணையச் சமநிலை பற்றி 118 பக்க ஆலோசனை அறிக்கை ஒன்றை வெளியிட்டு 20 கேள்விகள் கேட்டது. ‘சேவ் தி இன்டர்நெட்’ என்று தன்னார்வலர்கள் இறங்கினார்கள். கடினமான கேள்விகளை எளிமையாக்கி, பதில் எழுத உதவி, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் போகச் செய்தார்கள். அந்த அஞ்சல்களை வெளியிட்டபோது டிராய் அனுப்பியவர்களின் மின்னஞ்சல் முகவரிகளையும் சேர்த்தே வெளியிட்டுவிட்டது. வெளிப்படைத்தன்மையோடு தனியுரிமையும் காக்கப்பட வேண்டும் என்பதற்கு அது நல்ல பாடம். அதே வருடம் டிசம்பரில் கட்டண வேறுபாடு பற்றி இரண்டாவது அறிக்கை வந்தது. இம்முறை ஃபேஸ்புக் நிறுவனம், சில இணையதளங்களை மட்டும் இலவசமாகத் தரும் தன் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ திட்டத்துக்கு ஆதரவாக ஒரே வாசகத்தைத் தன் பயனாளர்கள் மூலம் அனுப்ப வைத்தது. லட்சக்கணக்கில் வந்து இறங்கின. டிராய் என்ன செய்தது தெரியுமா? கேட்ட கேள்விக்கு இது பதில் இல்லை, கேள்விகளுக்குப் பதில் சொல்லச் சொல்லுங்கள் என்று நிறுவனத்துக்கு எழுதியது. ஆலோசனையைத் திட்டமிட்டு நடத்தப்படும் பெரும்பான்மைக் கணக்கெடுப்பாக ஆக்கக் கூடாது என்று கண்டித்தது. 2016 பிப்ரவரி 8 அன்று வந்த ஒழுங்குமுறை, உள்ளடக்கத்தைப் பொறுத்துக் கட்டணத்தை மாற்றுவதைத் தடை செய்தது.

அந்தக் கடிதத்தை நான் மிகவும் மதிக்கிறேன். இரண்டாம் முறை வந்த அலையை டிராய் தலை எண்ணிப் பார்த்திருந்தால் முடிவு வேறு பக்கம் போயிருக்கலாம். அது காரணத்தைப் பார்த்தது. கருத்துக் கேட்பு என்பது வாக்கெடுப்பு அல்ல. வாக்கெடுப்பில் என் ஒரு வாக்குக்கும் உங்கள் ஒரு வாக்குக்கும் ஒரே எடை. கருத்துக் கேட்பில், தூண்டில் வளைவுக்குப் பக்கத்தில் நாற்பது வருடம் நின்ற பெண் சொல்லும் ஒரு செய்தி, ஒரே மாதிரி அச்சடித்த ஒரு லட்சம் அஞ்சலை விடக் கனமானது.

அப்படிப்பட்ட செய்தியைக் குவியலிலிருந்து எடுப்பது எப்படி என்பதற்கு நான் தேடிப் படித்த உதாரணங்களில் எனக்குப் பிடித்தது பின்லாந்து. 2013இல் அந்த நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சகம், சாலை அல்லாத இடங்களில் வண்டி ஓட்டுவது பற்றிய சட்டத்தைத் திருத்த நினைத்தது. அங்கே பனியில் ஓடும் மோட்டார் வண்டிகள் நிறைய. வடக்கே ஒதுக்குப்புறத்தில் இருப்பவருக்கு அது போக்குவரத்து, சுற்றுலாக்காரருக்குப் பொழுதுபோக்கு, நிலம் வைத்திருப்பவருக்குத் தொல்லை, காட்டுயிரைக் காக்க நினைப்பவருக்குக் கவலை. நம் ஊர் மணல், ஏரி, மேய்ச்சல் நிலத் தகராறுகளைப் போலவே ஆளுக்கொரு நியாயம்.

முழு வரைவை எழுதி முடித்துவிட்டுக் கருத்துக் கேட்கவில்லை அவர்கள். முதலில், பழைய சட்டத்தால் உங்களுக்கு என்ன சிக்கல் என்று மட்டும் கேட்டார்கள். அடுத்த கட்டத்தில், இன்னின்ன சிக்கல்கள் வந்திருக்கின்றன, இவற்றுக்கு என்ன தீர்வு என்று கேட்டார்கள். மூன்றாவதாக, வந்த யோசனைகளை ஒரு பக்கம் பொதுமக்களும் மறு பக்கம் நிபுணர்களும் மதிப்பிட்டார்கள். உரையாடலைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள்; தெளிவில்லாத இடத்தில் திருப்பிக் கேள்வி கேட்டார்கள். பங்கெடுத்தவர்கள் ஏறக்குறைய 700 பேர். யோசனைகள் ஏறக்குறைய 500, அவற்றின் மேல் நடந்த விவாதத்தில் 4,000 அளவுக்குக் கருத்துரைகள். இதை ஆராய்ந்த தன்யா ஐத்தமுர்த்தோவும் எலன் லாந்தமோரும் கண்டது என்ன? ஆட்கள் தங்கள் சொந்த நலனை மட்டும் கூவிவிட்டுப் போகவில்லை. எதிர்த்தரப்பின் காரணங்களைப் படித்தார்கள், தகவல் பரிமாறினார்கள், ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொண்டார்கள்.

17 லட்சத்துக்குப் பக்கத்தில் 700 மிகச் சிறிய எண். ஆனால் அந்த 700 பேர் சொன்னதைப் படித்துத் திருப்பிக் கேட்க ஆட்கள் இருந்தார்கள். இந்த வேறுபாடுதான் எனக்கு முக்கியம். பின்லாந்திலும் அந்தச் சட்டம் அந்தச் சுற்றில் நிறைவேறவில்லை. அரசியல் மாறியதில் நின்றுபோனது. நல்ல முறையைக் கையாண்டாலும் கடைசிப் படியில் அரசியல் மனம் வேண்டும் என்பதையும் அந்த நாடு காட்டிவிட்டது.

தைவானின் வழி வேறு. 2014இல் மாணவர்கள் நாடாளுமன்றத்தையே ஆக்கிரமித்த சூரியகாந்திப் போராட்டத்துக்குப் பிறகு, கணினி அறிந்த தன்னார்வலர்களும் அரசும் சேர்ந்து ‘வி-தைவான்’ என்ற நடைமுறையை உருவாக்கினார்கள். ஊபர் வாடகைக் கார்களுக்கு எப்படி விதி செய்வது என்ற சண்டையை 2015இல் அதில் வைத்தார்கள். பயன்படுத்திய மென்பொருளின் பெயர் போலிஸ். ஒருவர் சொன்னதற்கு மற்றவர் ‘ஆமோதிக்கிறேன், மறுக்கிறேன், கடந்து போகிறேன்’ என்று மட்டும் சொல்லலாம். மறுமொழி எழுதித் திட்ட வழி கிடையாது. எந்தெந்தக் கருத்தில் எதிரெதிர் அணிகளும் ஒன்றுபடுகின்றன என்று அது படமாகக் காட்டும். எதிரும் புதிருமாக நின்றவர்கள் காப்பீடு, உரிமம், வரி போன்ற விஷயங்களில் ஒரே பக்கம் நின்றது அந்தப் படத்தில் தெரிந்தது. ஒரே வாசகம் லட்சம் முறை வந்தால் அதை ஒன்றாக்கி, புதிதாக ஒரு செய்தி சொல்லும் ஒரு குரலை மேலே கொண்டுவரும் கருவிகள் இருக்கின்றன. நம்மிடம் மென்பொருள் எழுதத் தெரிந்தவர்களுக்கா பஞ்சம்?

இதையெல்லாம் டெல்லியைப் பார்த்து மட்டும் சொன்னால் நியாயமாகாது. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றம், ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் திருத்த மசோதாவை நிறைவேற்றியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன, தொழிற்சங்கங்கள் கொதித்தன. மூன்று நாளில் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. தொழிலாளர்களிடம் ஒரு மாதம் முன்னால் வரைவைக் கொடுத்திருந்தால் அந்த அவமானம் அரசுக்கும், அந்தப் பதற்றம் தொழிலாளிக்கும் நேர்ந்திருக்காது. அதே நாளில் நிறைவேறிய சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம் ஏரியையும் ஓடையையும் தொடுவது. அதைப் பற்றி ஆயக்கட்டு விவசாயி யாரிடம் எப்போது கருத்துச் சொன்னார்?

நாடாளுமன்றத்திலும் நிலைமை தேய்ந்துகொண்டே வருகிறது. 15ஆவது மக்களவைக் காலத்தில் மசோதாக்களில் 71 சதவீதம் குழுக்களின் ஆய்வுக்குப் போயின. 17ஆவது மக்களவையில் அது 16 சதவீதம். பொதுமக்கள் கடிதம் எழுதலாம், நேரில் சாட்சி சொல்லலாம் என்று கதவு திறப்பது பெரும்பாலும் அந்தக் குழுக்களில்தான். மசோதா அங்கே போகாவிட்டால் அந்தக் கதவும் இல்லை.

வரைவு முன்னாலேயே வந்தால் என்ன ஆகும் என்பதற்கு நாம் எல்லோரும் சாட்சி. 2019 மே 31 அன்று 484 பக்கத் தேசியக் கல்விக் கொள்கை வரைவு வெளியானது. இந்தியைக் கட்டாயமாக்கும் வரிகள் அதில் இருப்பதைத் தமிழ்நாட்டு வாசகர்கள் உடனே கண்டுபிடித்தார்கள். ஜூன் 3 அன்று அந்த வரிகள் மாற்றப்பட்டன. நாலே நாள்.

கடிதம் அனுப்பியபின் என்ன நடக்கிறது என்பதுதான் என் பெரிய மனக்குறை. சில வருடங்களுக்கு முன் வேறொரு துறையின் விதி வரைவுக்கு, எங்கள் பகுதிப் பெண்கள் பலரிடம் கேட்டு விரிவான கடிதம் ஒன்றைத் தயாரித்து அனுப்பினேன். இறுதி விதி வந்தபோது எங்கள் யோசனை ஒன்றுகூட அதில் இல்லை. ஏற்காதது அவர்கள் உரிமை. ஏன் ஏற்கவில்லை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். வந்த கருத்துகள் அனைத்தும் பரிசீலிக்கப்பட்டன என்று ஒரு வரி வந்தது. அந்தப் பெண்களிடம் போய் நான் என்ன சொல்வது? அடுத்த வரைவு வந்தபோது அவர்களில் பாதிப் பேர் பேச வரவில்லை. பதில் வராத ஒரு கடிதம் அடுத்த பத்துக் கடிதங்களைத் தின்றுவிடுகிறது.

தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவின் 2022ஆம் வருட வரைவுக்குக் கருத்துக் கேட்ட அறிவிப்பிலேயே, வரும் கருத்துகள் வெளியிடப்படமாட்டா என்று எழுதியிருந்தார்கள். அது 2023 ஆகஸ்டில் சட்டமாகிவிட்டது. பெரிய நிறுவனங்கள் என்ன கேட்டன, சாதாரண மக்கள் என்ன கேட்டார்கள், யார் கேட்டது கிடைத்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு வழி இல்லை. பெயரையும் முகவரியையும் மறையுங்கள், கருத்தை மறைக்காதீர்கள்.

இணையத்தில் கேட்டால் இணையம் உள்ளவன் குரல்தானே கேட்கும் என்று என் மூத்த வழக்கறிஞர் ஒருவர் அடிக்கடி சொல்வார். அவர் சொல்வது சரி. எங்கள் குரல் பதிவுகளிலும் முதலில் வந்தவை ஆண்களின் குரல்கள். வீட்டில் ஒரே போன், அது கணவன் கையில். மீன் விற்று முடித்துச் சாயங்காலம் அக்காமார் திரும்பிய பிறகு ஒருத்தி போனை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். அதன் பிறகே தூண்டில் வளைவுச் செய்தி வந்தது. ஆகவே இணையத்தோடு நின்றால் போதாது. தமிழ்நாட்டில் இப்போது வருடத்துக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கருத்துக் கேட்பில் இருக்கும் வரைவுகளின் சுருக்கத்தை அந்தக் கூட்டங்களில் தமிழில் வாசித்து, மக்கள் சொல்வதைப் பதிவு செய்து அனுப்ப ஊராட்சிச் செயலரால் முடியும். இ-சேவை மையத்தில் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது போலக் கருத்தையும் பதிவு செய்ய வசதி தரலாம். பெரிய செலவு எதுவும் இல்லை.

நாட்டிலேயே முதலில் தகவல் உரிமைச் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு. 1997இல் செய்தோம், மத்தியச் சட்டம் 2005இல் வந்தது. இந்த விஷயத்திலும் நாம் முன்னால் போக வேண்டும் என்பது என் விருப்பம். மசோதாவையும் விதியையும் முன்கூட்டியே தமிழில் வெளியிடுவதைக் கொள்கையாக இல்லாமல் சட்டமாகவே ஆக்கட்டும். பிரிவு வாரியாக வந்த கருத்து என்ன, அரசு ஏற்றது எது, ஏற்காதது எது, ஏன் என்று ஓர் அட்டவணை மசோதாவோடு சேர்ந்து சட்டமன்ற மேசைக்கு வரட்டும். உறுப்பினர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசட்டும்.

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் தொழிலையோ ஊரையோ தொடும் வரைவு வந்தால், யாரோ தயாரித்துத் தந்த கடிதத்தை அப்படியே அனுப்பிவிடாதீர்கள். எந்தப் பிரிவு என்ற எண்ணைக் குறிப்பிடுங்கள். அந்தப் பிரிவு உங்கள் ஊரில் எப்படி வேலை செய்யும் என்று, நீங்கள் கண்ணால் கண்டதை வைத்து நாலு வரி எழுதுங்கள். பதிலாக என்ன வாசகம் இருக்கலாம் என்று ஒரு வரி சேருங்கள். தமிழிலேயே எழுதுங்கள். மின்னஞ்சலோடு நில்லாமல் விரைவுத் தபாலிலும் அனுப்பி, நகலைப் பத்திரமாக வையுங்கள். இறுதி விதி வந்ததும், உங்கள் கருத்தின் மேல் கோப்பில் எழுதப்பட்ட குறிப்பின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஒரு வரியில் பதில் வந்தால் மேல்முறையீடு செய்யுங்கள். முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள் அவகாசம் இருக்கிறது.